சாகாத மருந்து

அவளுக்குப் பேசத் தெரியாமல் இல்லை. அவள் வாயைத் திறப்பதற்குள் மற்றவர்கள் பேசி முடித்துவிடுவார்கள், அவ்வளவுதான். அதனால் வெள்ளரிப் பண்ணையில் அவளுக்கு விழுந்த பெயர் வாயில்லாப்பூச்சி. நாளடைவில் அது சுருங்கி வெறும் பூச்சி ஆயிற்று. அவள் கணவன் அங்கே மருந்தடிக்கிறவன். "பூச்சியைக் கொல்றவனுக்குப் பூச்சியே பெண்டாட்டியா வாச்சிருக்கு பாரு!" என்று மேஸ்திரி சொல்லாத வாரம் கிடையாது. எல்லோரும் சிரிப்பார்கள். அவளும் தலையைக் குனிந்து சிரித்து வைப்பாள்.

வாய் சும்மா இருந்ததால் கண்ணுக்கும் காதுக்கும் வேலை அதிகம். பண்ணைக்கும் தொழிலாளர் வீடுகளுக்கும் ஒரே போர் தண்ணீர்தான். அதைக் கொதிக்க வைத்தால் பாத்திரத்தின் அடியில் சுண்ணாம்பாகப் படியும். சோப்பு கரையுமே தவிர நுரைக்காது. கணவன் சாயங்காலமே தொட்டியில் மருந்தைக் கலந்து வைத்துவிட்டு, மறுநாள் ஆட்கள் வருவதற்கு முன்னால் அடிப்பான். ஏன் இத்தனை மருந்து என்று ஒருநாள் கேட்டாள்.

"இந்தத் தண்ணியில விடியறதுக்குள்ள மருந்து பாதி செத்துப்போகுதுடி. முன்னாடி இருந்த இடத்துல ஆத்துத் தண்ணி. ஒரு மூடி ஊத்தினா போதும். இங்க மூணு மூடி ஊத்தினாத்தான் பூச்சி திரும்பியே பாக்குது."

"அப்ப மாஸ்க்காவது போட்டுக்கங்க."

"செத்த மருந்துக்கு எதுக்கு மாஸ்க்?" என்று சிரித்தான். மாஸ்க் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கியபடியே இருந்தது.

அன்று காலை குழாயடியில் அவனுடைய சட்டையைத் துவைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு தேய்ப்புதான் தேய்த்திருப்பாள், நுரை பொங்கி முழங்கை வரைக்கும் ஏறியது.

"என்னடி பூச்சி, புது சோப்பா?" என்றாள் அடுத்த வீட்டு அக்கா.

"பழசுதாங்க்கா."

"அப்ப தண்ணி பண்ற வேலை. நேத்து மத்தியானம் போர் மோட்டார் எரிஞ்சுபோச்சாம். மழைத்தண்ணித் தொட்டியிலேர்ந்து லைனைத் திருப்பி விட்டிருக்காங்க. மெக்கானிக் வர்ற வரைக்கும் நமக்கு யோகந்தான், போ!"

அவள் கை அப்படியே நின்றது. மோட்டார் எரிந்தது மத்தியானம். அவன் மருந்து கலந்தது சாயங்காலம். அவனிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சொல்லியிருந்தால் வீட்டில் வந்து சொல்லியிருப்பான். மூன்று மூடி. மழைத்தண்ணீர்.

ஈரக் கையோடு ஓடினாள்.

பசுமைக்குடிலின் வாசலில் மேஸ்திரி நின்றிருந்தார். "எங்க ஓடற? உள்ள மருந்தடிக்கிறது தெரியல?"

"தண்ணி..." என்றாள். மேலே வார்த்தை வரவில்லை.

"தண்ணி வேணும்னா குழாயடிக்குப் போ."

பிளாஸ்டிக் தாளுக்கு அந்தப் பக்கம் அவன் உருவம் மங்கலாகத் தெரிந்தது. ஹோஸ் கையில்தான் இருந்தது. ஆனால் மருந்து ஒரே செடியின் மேல் விழுந்துகொண்டே இருந்தது. அவன் நகரவில்லை. பிறகு மெதுவாக உட்கார்ந்தான்.

"யோவ், பம்பை நிறுத்துய்யா! அவரை வெளிய இழு! அது சாகாத மருந்துய்யா!"

அது தன் குரல்தான் என்று அவளுக்கே ஒரு கணம் புரியவில்லை. மேஸ்திரி மிரண்டுபோய்ப் பம்பை நிறுத்தினார். வாசலோர அலமாரியிலிருந்த மாஸ்க்கையும் கையுறையையும் மாட்டிக்கொண்டு உள்ளே போனார். அவளுடைய கூச்சலுக்கு ஓடிவந்தவர்கள் இரண்டு பக்கத் தாள்களையும் சுருட்டித் தூக்கினார்கள். மேஸ்திரி அவனைக் கக்கத்தில் கைகொடுத்து வெளியே இழுத்து வந்தார்.

வாயிலிருந்து எச்சில் நூலாக வழிந்தது. வியர்வையில் உடம்பு குளித்திருந்தது. கெண்டைக்கால் தானாகத் துடித்தது. கண்ணின் கருமணி கடுகளவு சுருங்கிக் கிடந்தது. அவளும் கையுறை மாட்டிக்கொண்டு, அவன் சட்டையைக் கிழித்து எறிந்து சோப்புப் போட்டுக் கழுவினாள். அந்தப் பாழாய்ப்போன தண்ணீரில் நுரை நுரையாகப் பொங்கியது. வண்டி வந்ததும் மருந்து டப்பாவையும் ஒரு கவரில் போட்டு எடுத்துக்கொண்டாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் டப்பாவைப் பார்த்துவிட்டு விஷமுறிவு ஊசியை ஆரம்பித்தார். ஒன்று போட்டு, நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டு, மறுபடி ஒன்று போட்டார்.

"சுண்ணாம்புத் தண்ணியில இந்த மருந்து சீக்கிரம் உடைஞ்சிடும். மழைத்தண்ணியில அவ்வளவு லேசுல உடையாது. நெஞ்சுல சேர்ந்திருக்கிற சளி வத்தணும்மா. கண்ணுல கருமணி விரியணும். அதுவரைக்கும் நான் எதுவும் சொல்ல முடியாது."

அவள் கட்டிலருகே உட்கார்ந்து அவன் மூச்சை எண்ணத் தொடங்கினாள். கறகறவென்று இழுத்தது. நடுவில் ஒரு மூச்சு வராமல் நின்று, அவள் எழுந்த பிறகு வந்தது.

கதவருகில் மேஸ்திரி யாரிடமோ போனில் அடக்கிப் பேசுவது கேட்டது. "மருந்துத் தொட்டியில மிச்சம் இருக்குல்ல, அதை வாய்க்கால்ல திறந்து விட்டுடு. முதலாளி வந்து பாக்கறதுக்குள்ள முடி. மண்ணுல ஊறி மக்கிப்போயிடும்."

"திறக்கச் சொல்லாதீங்க அண்ணே."

மேஸ்திரி திரும்பிப் பார்த்தார்.

"மக்கறதுக்கு நாளாகும். அதுக்குள்ள வாய்க்கால் குளத்துக்குப் போயிடும். ஆடு மாடெல்லாம் அங்கதான் தண்ணி குடிக்குது. ஒரு தடவை நான் கத்தினது போதும்ணே."

அவர் கட்டிலில் கிடந்தவனை ஒரு தரம் பார்த்தார். பிறகு போனில் சொன்னார்: "டேய், தொட்டியைத் தொடாதே. மூடி போட்டுப் பூட்டி வை. முதலாளிகிட்ட நானே சொல்லிக்கிறேன்... யார் சொன்னாங்களா? மருந்துக்காரர் வீட்டம்மா சொல்றாங்கடா."

அது அவள் காதில் விழுந்ததா என்று தெரியவில்லை. டாக்டர் இன்னொரு ஊசி போட்டுவிட்டு நகர்ந்திருந்தார். அவள் குனிந்து, கணவனின் இமையை மெல்லத் தூக்கிப் பார்த்தாள்.

கடுகு மிளகாகியிருந்தது.