ஸ்கான் ஊசிக்கு முன் பிடித்த விரதம்

முதல் ஸ்கானில் என் தலைக்குள் ஒரு புள்ளி தெரிந்தது. கட்டியா பழைய தழும்பா என்று அறிய, கையில் ஊசி வழியாக கொன்ட்ராஸ்ட் மருந்து ஏற்றி மறுபடியும் எம்.ஆர்.டி ஸ்கான் எடுக்க வேண்டும் என்றார் டொக்டர். கட்டியென்றால் மருந்தை இழுத்து வெள்ளையாகத் தெரியுமாம். அதற்குப் பிறகு வெள்ளை நிறத்தைக் கண்டாலே பயம். சோறு வடிக்கும்போதுகூடப் பயந்தேன்.

ஜெர்மனியின் ஹம் நகரில், எங்கள் வீட்டுச் சாமிப்படத்துக்கு முன் நின்று, முடிவு தெரியும்வரை ஒரு சொட்டுத் தண்ணீரும் குடிப்பதில்லை என்று பக்கத்து ஊன்ட்றொப் கோயில் அம்மாளுக்கு நேர்ந்துகொண்டேன். கணவருக்குச் சொல்லவில்லை. சொன்னால் கத்துவார். தொழிற்சாலை வேலையில் அவரும் கவனிக்கவில்லை.

கணவரோடு ஸ்கானுக்குப் போனபோது, என் இரத்தப் பரிசோதனையைப் பார்த்த டொக்டரின் முகம் சுருங்கியது. சிறுநீரகம் சரியில்லை, மருந்து வெளியேறாமல் உடம்பில் தங்கிக் கெடுதல் செய்யலாம், ஊசி போட முடியாது என்றார். தலை போதாதென்று சிறுநீரகமுமா? பட்ட காலிலேதான் படும்.

கணவர் என் வெடித்த உதட்டைப் பார்த்தார். "நீர் தண்ணி குடிச்சனீரோ?"

"இல்லை. நேற்று விடியவிலயிருந்து விரதம்."

தனக்குத் தெரிந்த ஜெர்மனில் அவர் விளக்க, டொக்டர் சிரித்தேவிட்டார். உடம்பு காய்ந்தாலும் இப்படிக் காட்டலாம், நிறையத் தண்ணீர் குடித்துவிட்டு நாளைக்கு வாருங்கள் என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"என்னால ஏலாது. நேர்த்தியை முறிச்சா அம்மாள் சும்மா விடமாட்டா."

"நீர் குடியும். மிச்ச விரதத்தை நான் பிடிக்கிறன். வீட்டில ஆர் பிடிச்சா என்ன?"

காலைத் தேத்தண்ணி பிந்தினாலே முகம் நீளும் மனுசன் அவர். அப்படியே வேலைக்கும் போய்வந்தார். நான் குவளை குவளையாகக் குடித்தேன். ஒவ்வொரு மிடறும் பயத்தோடுதான் இறங்கியது.

மறுநாள் இரத்தம் சரியாக இருந்தது. ஸ்கான் இயந்திரம் தடதடவென்று சத்தமிட, மருந்து குளிராகக் கையில் ஏறியது. வெள்ளையாகாதே, வெள்ளையாகாதே என்று அந்தப் புள்ளியையே கும்பிட்டேன்.

வெளியே கணவர் சுவரில் சாய்ந்து நின்றார். கண் உள்ளே போயிருந்தது. இவர் விழுந்துவிடுவாரோ என்று எனக்குப் புதுப் பயம் பிடித்தது. டொக்டர் படத்தோடு வந்தார். புள்ளி மருந்தை இழுக்கவில்லை, பழைய தழும்புதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்.

டொக்டருக்கு நன்றி சொல்லக்கூட எனக்குத் தோன்றவில்லை. கணவரைப் பார்த்துக் கத்தினேன்: "முதல்ல தண்ணியைக் குடியுங்கோ!"