குவாம் விமான நிலையத்தில் ஒரு வெள்ளிக்கிழமை

பசிபிக் கடலில் குவாம் என்று ஒரு தீவு இருக்கிறது. அமெரிக்காவுக்குச் சொந்தமான நிலம், ஆனால் அதன் மாநிலம் இல்லை. அங்கே இருக்கும் பன்னாட்டு விமான நிலையத்தைப் பற்றி ராயபுரத்தில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் கிடையாது என்று தைரியமாகச் சொல்வேன். இதில் தற்பெருமை எதுவும் இல்லை. வேறு யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை, அவ்வளவுதான்.

பாரிமுனையில் ஒரு கப்பல் ஏஜென்சியில், கப்பலுக்கு ஆள் அனுப்பும் பிரிவில் முப்பத்தாறு வருடம் வேலை பார்த்தேன். எந்த ஊர் விமான நிலையத்தில் எந்தக் காகிதம் இல்லாவிட்டால் எவ்வளவு நேரம் உட்கார வைப்பார்கள் என்பது எனக்கு மனப்பாடம். குவாமில் விமானம் மாறிப் போவதற்குக்கூட அமெரிக்க விசா வேண்டும். அங்கிருந்து கிளம்பும் விமானங்கள் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்குப் பெரும்பாலும் மறுநாள்தான். இதையெல்லாம் தெரிந்து வைத்திருந்த நான் விமானத்தில் ஏறியதே இல்லை. மற்றவர்களை ஏற்றிவிடத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் பழக்கம் விடவில்லை. பாஸ்போர்ட், விசா என்று யாராவது காகிதத்தோடு மாடி ஏறி வருவார்கள். அதிகம் ஏறியது கீழ்வீட்டுக் குடும்பம். அந்த வீட்டு பாய் கப்பலில் ஃபிட்டர். வருடத்தில் ஒன்பது மாதம் இயந்திர அறையில் வெல்டிங் வேலை. மிச்ச மூன்று மாதம் வீட்டில் விருந்தாளி.

அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் குதிர்ந்தது. மாப்பிள்ளை வீடு திருவொற்றியூர். ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, தண்டையார்பேட்டையில் ஒரு மண்டபத்தில் நிக்காஹ். ஃபிட்டருடைய கப்பல் அந்த வாரம் குவாமில் நின்றது. கேப்டனிடம் கெஞ்சி, ஒப்பந்தம் முடிவதற்கு முன்பே இறங்க அனுமதி வாங்கினார். வெள்ளிக்கிழமை மாலை குவாமில் ஏறி, மணிலா, சிங்கப்பூர் வழியாக சனிக்கிழமை மதியம் வீட்டில் இருக்க வேண்டும். பயணத் திட்டத்தை நானே இரண்டு தடவை சரிபார்த்தேன். ஒரு குறையும் இல்லை.

நமக்கு நாலரை மணி நேரம் முன்னால் ஓடுவது குவாம் கடிகாரம். வெள்ளிக்கிழமை ஜும்மாத் தொழுகை முடிந்து தெருவில் தொப்பிகள் கலைந்துகொண்டிருந்த நேரம். சாப்பிட உட்கார்ந்தேன். போன் வந்தது.

"சார், ஃபிளைட்டு பூட்ச்சு."

"பூட்ச்சுன்னா? கேன்சல் பண்ணிட்டாங்களா?"

"இல்ல சார். அது கரெக்டா கெளம்பிப் பூட்ச்சு. நான்தான் இங்கயே கீறேன்."

கடைசி நேரத்தில் விமானம் ஏறப் போகும் வாசலை மாற்றியிருக்கிறார்கள். இவர் பழைய வாசல் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டிருப்பாங்களே, பாய். கூப்பிடாம கதவ மூட மாட்டாங்க."

"எம்பேர ஒரு தபா கூட கூப்புடல சார். எங்க அத்தா பேரத்தான் கூப்ட்டாங்க. நாலு தபா. நம்ம ஆளு எவனோ இங்க கீறான் போலன்னு நானும் சுத்திச் சுத்திப் பாத்தேன். ஒருத்தனையும் காணோம்." கொஞ்சம் நிறுத்தினார். "அத்தா மவுத்தாகி எட்டு வருசம் ஆவுது. ஹார்பர்ல மூட்ட தூக்குன மனுசன். அவரு பேரு இம்மாம்பெரிய எடத்துல மைக்குல வருது. நல்லா கீதேன்னு கேட்டுக்கினு குந்திக்கினு இருந்துட்டேன் சார்."

பிசைந்த சோற்றைத் தட்டிலேயே போட்டேன். இறந்துபோன அப்பாவின் பெயர் மைக்கில் ஏன் வந்தது என்று எனக்குத் தெரியும்.

நம் ஊரில் ஒருவருக்கு ஒரு பெயர், அதன் முன்னால் அப்பாவுடைய பெயரின் முதல் எழுத்து. அதற்கு மேல் எதுவும் கிடையாது. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கு என்று தனியாக ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் அமெரிக்க விசாவில் தொல்லை வரும் என்பதால், அந்த முதல் எழுத்தை விரித்து அப்பாவின் முழுப்பெயரை அதில் எழுதிவிடுவேன். நூற்றுக்கணக்கான பேருக்கு அப்படி எழுதியிருக்கிறேன். விமானக் கம்பெனிக்காரர்கள் குடும்பப் பெயரைச் சொல்லித்தான் ஆளைக் கூப்பிடுவார்கள். அதாவது ராயபுரத்திலிருந்து கிளம்பும் மகன், மீனம்பாக்கத்தைத் தாண்டியதும் அப்பாவாகிவிடுவான். ஃபிட்டருக்கு இது தெரிய வாய்ப்பே இல்லை. கப்பலில் அவர் பெயர் ஃபிட்டர். விமானத்தில் எப்போதும் ஏழெட்டுப் பேரோடு கூட்டமாகப் போவார், ஒருவர் எழுந்தால் எல்லோரும் எழுவார்கள். தனியாக வந்தது இதுதான் முதல் தடவை.

அவருடைய முதல் பாஸ்போர்ட் விண்ணப்பத்தை இருபது வருடத்துக்கு முன்னால் நிரப்பியவன் நான். கட்டத்தை நிரப்பினேன். அந்தப் பெயரைக் கேட்டால் எழுந்து போக வேண்டும் என்று மட்டும் சொல்லவில்லை. அதைச் சொல்லச் சொல்லி எந்த நடைமுறையிலும் எழுதியிருக்கவில்லை.

கீழே இறங்கிப் போனபோது வீடியோ அழைப்பில் அவர் தன் மனைவிக்கு விமான நிலையத்தைக் காட்டிக்கொண்டிருந்தார். நான் காகிதத்தில் மட்டுமே பார்த்திருந்த இடம். நீளமான கண்ணாடிச் சுவர், அதற்கு வெளியே வெயில் சாயும் ஓடுபாதை. உள்ளே செருப்பும் அரைக்கால் சட்டையுமாக, காற்றுப் போன நீச்சல் வளையங்களைத் தோளில் மாட்டிக்கொண்டு கொரியக் குடும்பங்கள். எல்லோரும் விடுமுறை முடிந்து திரும்புகிறவர்கள். ஒருவர் முகத்திலும் அவசரம் இல்லை.

"ஊர சுத்திக் காட்னது போதும்," என்றார் மனைவி. "வூட்டுக்கு எப்ப வர்ற, அத்த சொல்லு."

அது என் வேலை. பழைய அலுவலகத்துக்குப் போன் செய்தேன். இப்போது என் நாற்காலியில் இருப்பவர், மின்னஞ்சல் அனுப்பினால் வரிசைப்படி பார்ப்பதாகச் சொன்னார். அந்தப் பதிலை அவருக்குச் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். அரை மணி நேரம் கத்திய பிறகு மறுநாள் மாலை விமானத்தில் இடம் கிடைத்தது. மணிலாவில் இரவு முழுக்கக் காத்திருந்து, சிங்கப்பூர் வழியாக, ஞாயிறு மதியம் மூன்றே முக்காலுக்கு சென்னை. நிக்காஹ் முடிந்து பந்தியும் முடிந்திருக்கும் நேரம்.

பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் கேட்டோம். தகப்பன் வர முடியாவிட்டால், பெண்ணிடம் சம்மதம் கேட்டுக் கட்டிக்கொடுக்கும் பொறுப்பைத் தன் அண்ணனுக்குக் கொடுக்கலாம், சாட்சிகள் எதிரில் போனில் சொன்னாலும் செல்லும் என்றார். எனக்கு உயிர் வந்தது. நடைமுறை இருந்தால் வழி இருக்கிறது என்று நம்பி வாழ்ந்தவன் நான். உடனே ஒரு பொறுப்புக் கடிதம் தயாரித்தேன். பிழையில்லாத கடிதம். வீட்டில் எல்லோர் முன்னாலும் படித்துக் காட்டினேன். கல்யாணப் பெண்ணும் கேட்டாள். எம்.கே.பி. நகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர் அவள்.

"லெட்டர் நல்லா இருக்கு அங்கிள்," என்றாள். "நான் பத்தாவது பாஸானது போன்ல. தாத்தா மவுத்து போன்ல. பெருநாள் எல்லாம் போன்ல. இதுவும் போன்லயா? அத்தா வந்து என் எதிர்ல நின்னு கேக்கட்டும். அப்பதான் சம்மதம் சொல்வேன்."

"பைத்தியம் மாரி பேசாதடி," என்றார் அம்மா. "ஆறு மணிக்கு மண்டபத்த காலி பண்ணணும். ராத்திரிக்கு வேற கல்யாணம் கீது."

"ஆறு மணிக்கு முன்னாடி வந்துட்டா?"

அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள். வந்துவிடுவார் என்று எந்த அதிகாரியும் கையெழுத்துப் போடமாட்டான். வரலாம் என்றேன்.

சனிக்கிழமை காலை, சேதி கேட்டு மாப்பிள்ளையும் அவன் வீட்டாரும் வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா உட்காரவே இல்லை. "பொண்ணோட அத்தாவுக்கு கப்பல்ல குப்ப கொட்டத் தெரியுது, ஏரோப்ளேன்ல ஏறத் தெரியலியா? பன்னெண்டு மணிக்கு பிரியாணி எறங்கிடும். வந்த ஜனம் வாயப் பொத்திக்கினு குந்தியிருக்குமா?"

"பன்னெண்டு மணிக்கே சாப்பாடு போட்டுடலாம்," என்றேன் நான். "நிக்காஹ் அப்புறம்."

வரிசையை மாற்றச் சொல்லி என் வாழ்நாளில் நான் சொன்ன முதல் வாக்கியம் அது. அந்த அம்மா என்னை, ஓசியில் சாப்பிட வந்தவனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை முந்திக்கொண்டான். "மாமு வரட்டும்மா. அஞ்சு மணிக்கு முடிச்சா இன்னா, கொறஞ்சா பூடும்?"

அவர்கள் போன பிறகு ஃபிட்டரின் மனைவியிடம் அந்தக் கட்டத்தைப் பற்றிச் சொன்னேன். எழுதியது நான், விளக்காமல் விட்டதும் நான் என்றேன். அவர் வெங்காயம் உரிப்பதை நிறுத்தவில்லை.

"அதுக்கு இன்னா இப்ப? இருவது வருசமா அந்த பாஸ்போட்டுதான் சோறு போட்டுச்சு. வுடுண்ணே."

மன்னிப்புக்கு ஒரு ஃபாரம் இருந்திருந்தால் நிரப்பிக் கொடுத்திருப்பேன். எனக்கு அதுதான் சுலபம்.

ஞாயிறு மதியம் மண்டபத்தில் எல்லோரும் சாப்பிட்டார்கள். பெண்ணும் மாப்பிள்ளையும் சாப்பிடவில்லை. கல்யாணம் ஆகாமலே கல்யாணச் சாப்பாடு சாப்பிட்ட கூட்டம், கை கழுவிக்கொண்டு பாதிக்குமேல் வீட்டுக்குக் கிளம்பியது. நாலு மணிக்கு ஃபிட்டர் போன் செய்தார். விமானம் இறங்கிவிட்டது. நாலரைக்கு மறுபடியும் போன்.

"சார், பொட்டி வர்ல. கம்ப்ளெய்ண்ட் எழுதிக் குட்துட்டுத்தான் வெளிய போவணும்னு நீதானே சொல்லுவே. க்யூவுல இருவது பேரு கீறாங்க."

பெட்டி எடுக்கும் கூடத்தை விட்டு வெளியே வருவதற்கு முன்பே புகார் கொடுக்க வேண்டும், வெளியே வந்துவிட்டால் பெட்டி கைவிட்டுப் போகலாம். இதை எத்தனை பேருக்கு வகுப்பெடுத்திருப்பேன்!

"பொட்டி கெடக்கட்டும் பாய். நீங்க வெளிய வாங்க."

"உள்ள பாப்பாவுக்கு வாங்குன வாட்சு கீது சார்."

"வாங்கய்யா வெளிய!"

அவர் மண்டபத்துக்குள் நுழைந்தபோது ஐந்தரை. ஒரு பக்கம் நாற்காலிகளை அடுக்க ஆரம்பித்திருந்தார்கள். மூன்று நாள் தாடியும் கப்பல் கம்பெனி டி-சட்டையுமாக வந்தார். அவருடைய அண்ணன் தன் வெள்ளைச் சட்டையைக் கழற்றி அவருக்குப் போட்டுவிட்டு, பனியனோடு நின்றார். ஃபிட்டர் முகம் கழுவி, தொப்பி வைத்துக்கொண்டு, இரண்டு சாட்சிகளோடு பெண்கள் பக்கம் திரைச்சீலையை விலக்கிக்கொண்டு போனார். முஸ்லிம் அல்லாத எனக்குச் சாட்சியாக நிற்கத் தகுதி இல்லை என்பது தெரியும். திரைக்கு வெளியே நின்றேன்.

அவர் தொண்டையைச் செருமினார். அதற்குள் அவள் குரல் கேட்டது.

"சாப்டியா அத்தா?"

"இல்லம்மா. மொதல்ல இது முடியட்டும்."

மாப்பிள்ளையின் பெயரைச் சொல்லி, அவன் பெண்ணுக்குக் கொடுக்கும் மஹர் தொகையைச் சொல்லி, சம்மதமா என்று கேட்டார். பாதியில் குரல் உடைந்தது. திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்து முழுசாகக் கேட்டார். அவள் சம்மதம் என்று சொன்னது நாற்காலி அடுக்குகிறவர்களுக்கும் கேட்டிருக்கும்.

நிக்காஹ் முடிந்தது. ஆறு மணிக்கு மண்டப மேனேஜர் வந்து நின்றார். எடுத்து வைத்திருந்த பிரியாணியை ஒரே தட்டில் கொட்டி மாப்பிள்ளையும் மாமனாரும் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா மேனேஜரைக் கையால் ஒதுக்கிவிட்டு, ஒரு பெரிய கறித்துண்டை ஃபிட்டர் பக்கம் தள்ளினார்.

"சாப்புடுங்க சம்மந்தி. ஆறிப் பூட்ச்சு. அவரு கெடக்குறாரு, பத்து நிமிசம் நிப்பாரு."