க என்றால் ஒன்று, உ என்றால் இரண்டு

பெட்ரோலில் ஊறிய பழந்துணியின் மணம்... தொண்ணூறுகளில், கணபதிப் பகுதியில் இருந்த எங்கள் வீட்டு ஞாயிற்றுக்கிழமைகளின் மணம் அதுதான், நண்பர்களே.

அன்று என் மனைவியின் தம்பி குமரேசனுக்குக் கோபியில் பெண் பார்க்கும் நாள். இராகுகாலத்துக்கு முன் பெண் வீட்டு வாசலை மிதித்தாக வேண்டும் என்பது மாமியாரின் ஆணை. ஏற்கெனவே இரண்டு இடம் தட்டிப்போயிருந்தது.

நண்பகலில் மகிழுந்தின் பொறிச்செருகிகளை, ஊரார் மொழியில் பிளக்குகளை, கழற்றி உப்புத்தாளால் தேய்த்து வைத்தேன். பிளக்குகளுக்குப் போகும் நான்கு கம்பிகளும் இடம் மாறிவிடாதிருக்க, ஒவ்வொன்றிலும் தாள் ஒட்டி, மேடைதோறும் நான் முழங்கிவந்த தமிழ் எண்ணையே எழுதினேன். ௧, ௨, ௩, ௪. பிறகு குளிக்கப் போனேன்.

திரும்பி வந்தால், மாப்பிள்ளையே எல்லாவற்றையும் மாட்டி முடித்திருந்தான். சாவியைத் திருகினேன். வண்டி வெடித்தது... குலுங்கியது... நின்றது.

மீண்டும் திருகினேன். மீண்டும் அதே வெடி. எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எந்த வரிசையில மாட்டுனே மாப்ளே?"

"எழுத்து வரிசையிலதானுங்க மச்சான். மொதல்ல உ, அப்பறம் க, ங, ச. நீங்கதான எழுதி ஒட்டியிருந்தீங்க?"

"அது எழுத்தில்ல. எண்ணு. க-ன்னா ஒண்ணு, உ-ன்னா ரெண்டு."

அவன் தாளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். பட்டுப்புடவையில் காத்திருந்த என் மனைவி நிதானமாகக் கேட்டாள்:

"ஏனுங்க, மேடைப் பேச்ச மேடையிலயே உட்டுப்போட்டு வரக்கூடாதுங்களா?"

முதல் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றினோம். வண்டி அடங்கி உறுமியது. இராகுகாலம் பிறக்கும் வேளையில் கோபியை எட்டினோம். கை கழுவ நேரமில்லை. கரிபடிந்த விரல்களால் குமரேசன் காபி வாங்கியதைக் கண்டு பெண் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பிலேயே சம்பந்தம் முடிந்தது.

சென்ற வாரம் என் புதிய வண்டியில் மஞ்சள் விளக்கொன்று அணையாமல் எரிந்தது. முன்மூடியைத் திறந்தேன். கம்பியும் இல்லை, பிளக்கும் தென்படவில்லை. கறுப்பு மூடி ஒன்று எல்லாவற்றையும் மறைத்திருந்தது. குமரேசனை அழைத்துக்கொண்டு பீளமேட்டுப் பணிமனைக்குப் போனேன். அங்கிருந்த இளைஞர் ஒரு கருவியைச் செருகித் திரையில் கோளாறின் குறியீட்டைக் காட்டினார். ஆங்கில எழுத்தொன்று, பின்னால் இலக்கங்கள், நடுவே ஒரு வட்டம்.

"தம்பி, இந்த வட்டம் எழுத்துங்களா, எண்ணுங்களா?"

அதையெல்லாம் கணினியே பார்த்துக்கொள்ளும் என்றார் அவர்.

குமரேசன் என் காதோரம் குனிந்தான்.

"எழுத்து வரிசையில மாட்டிப் பாக்கலாங்களா மச்சான்?"

மாட்டத்தான் எங்களிடம் ஒரு கம்பியும் இல்லை.