ரோஸ் கலர் லாட்

1. முதல் நாள் வெல்லம்

வேலைக்குச் சேர்ந்த அன்று மில்லில் என் கைக்கு முதலில் வந்தது ஆர்டர் காகிதம் இல்லை, ஒரு துண்டு மண்டவெல்லம். வருடம் 1986. ராஜபாளையத்தில் ஒரு நூல் மில். கெமிஸ்ட்ரி படித்த தெம்பில் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து பஸ் ஏறிப் போய் லேப் அசிஸ்டென்டாகச் சேர்ந்திருந்தேன். பஞ்சு பிரிக்கும் மிக்சிங் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு இருமிக்கொண்டே வெளியே வந்தவளிடம் ஓர் அக்கா வெல்லத்தை நீட்டினார்.

"தின்னு பிள்ள. தொண்டையில ஒட்டுன பஞ்சை அப்படியே வயித்துக்குள்ள இழுத்துட்டுப் போயிரும்."

அவர்தான் பேச்சியக்கா. மம்சாபுரத்துக்காரர். பஞ்சுப் பக்கம் வேலை பார்ப்பவர்களுக்கு ஷிப்ட் முடியும்போது ஆளுக்கொரு துண்டு வெல்லம் தருவது மில்லின் வழக்கம். தொண்டையிலிருந்து வயிற்றுக்குப் போகும் பாதை வேறு, நெஞ்சுக்குப் போகும் பாதை வேறு என்று எனக்குத் தெரியும். ஆனாலும் வெல்லம் வெல்லம்தானே, வாங்கித் தின்றேன்.

பேச்சியக்காவின் குலவை மில்லில் பிரசித்தம். ஆயுத பூஜைக்கு மெஷின்களை நிறுத்திச் சூடம் காட்டும்போது அவர் குலவையிட்டால் கேட்டில் நிற்கும் வாட்ச்மேனுக்குக் கேட்கும். மற்றவர்கள் இரண்டு முறை மூச்சு வாங்குவார்கள், இவர் ஒரே மூச்சில் போய்க்கொண்டிருப்பார். "நீ நிறுத்துனாத்தான நாங்க சுண்டல் திங்க முடியும்" என்று மேஸ்திரியே கெஞ்சுவார்.

2. சுத்தமான சரக்கு

அடுத்த வருடம் மில்லுக்குப் பாலியஸ்டர் வந்தது. பஞ்சோடு கலந்து நூற்பதற்காகத் தனி செக்‌ஷன் போட்டார்கள். பேச்சியக்காவையும் இன்னும் ஐந்து பெண்களையும் அங்கே மாற்றினார்கள். மூட்டையாக வரும் பேலைப் பிரித்து, கையால் உதறி, தரையில் பாய் மாதிரி பரப்பும் வேலை. அந்த செக்‌ஷனுக்கு வெல்லம் கிடையாது என்றும் சொல்லிவிட்டார்கள்.

பேச்சியக்கா சும்மா இருப்பாரா? ரவுண்ட்ஸ் வந்த ஸ்பின்னிங் மாஸ்டரிடமே கேட்டுவிட்டார்.

"பஞ்சுல செத்தை, இலை, மண்ணு எல்லாம் இருக்கும். இது ஃபேக்டரியில செஞ்சதும்மா. தூசியே கிடையாது. தூசி இல்லாத எடத்துல வெல்லம் எதுக்கு?" என்றார் மாஸ்டர்.

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பினார், நானும் நம்பினேன். பஞ்சுப் பக்கம் இருந்தபோது வாரம் தொடங்கும் திங்கள்கிழமை வந்தாலே நெஞ்சை அடைக்கும் என்று புலம்பிய பெண்கள், இங்கே அந்தத் தொந்தரவு இல்லை என்று சந்தோஷப்பட்டார்கள். மூக்கில் கட்டியிருந்த துணியையும் அவிழ்த்துப் போட்டார்கள். வெயில் விழும் ஜன்னலோரம் மட்டும் பளபளவென்று பொடி இழைகள் மிதக்கும். பார்க்க அழகாகத்தான் இருந்தது.

3. தனி டம்ளர்

இங்கே டின்ட் பற்றிச் சொல்லியாக வேண்டும். எல்லா சரக்கும் வெள்ளை. ஒரு லாட்டோடு, அதாவது ஒரு தடவை வந்த சரக்கோடு, இன்னொன்று கலந்துவிட்டால் துணியில் பட்டை பட்டையாகத் தெரியும். அதனால் லாட்டுக்கு ஒரு கலர் கரைத்துத் தெளிப்போம். துவைத்தால் போய்விடும் சாயம். அதுவரை பச்சையும் மஞ்சளும்தான் வாங்கிக்கொண்டிருந்தோம். அடுத்து வந்த மாசியில்தான் முதல் முறையாக ரோஸ் வந்தது.

நான்காம் நாள் பேச்சியக்கா இருமித் துப்பியதைப் பக்கத்தில் இருந்த பெண் பார்த்துவிட்டாள். சளி ரோஸாக இருந்தது.

மத்தியானத்துக்குள் தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் அவருக்குத் தனி டம்ளர் வந்துவிட்டது. டி.பி. என்ற வார்த்தையை ஒருவரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. மேஸ்திரி மட்டும், "டாக்டர் சீட்டோட வா பேச்சி. இல்லன்னா வராத" என்றார்.

அவர் நேராக லேப்புக்கு வந்தார். முந்தானையில் முடிந்து வைத்திருந்த தாளைப் பிரித்து, அதில் துப்பியிருந்த சளியைக் காட்டினார்.

"மகாராஜபுரத்துல மகளுக்குப் பரிசம் போட்டிருக்கு. பங்குனியில கல்யாணம். தாய்க்காரிக்கு ரத்தம் வருதுன்னு அவியளுக்குத் தெரிஞ்சா அம்புட்டுதான். ஆஸ்பத்திரிக்குப் போனா இருட்டுறதுக்குள்ள ஊர் பூராத் தெரிஞ்சிரும். நீ அந்தக் கண்ணாடியில பாத்து ஒரு வார்த்தை சொல்லு பிள்ள."

தாளை வாங்கிக்கொண்டு மைக்ராஸ்கோப் பக்கம் போனேன்.

4. கண்ணாடியில் தெரிந்தது

மைக்ராஸ்கோப்பில் பஞ்சு இழை முறுக்கிய ரிப்பன் போலத் தெரியும். பாலியஸ்டர் நேரான கண்ணாடிக் குச்சி. பேச்சியக்காவின் சளியில் இரண்டும் இருந்தன. குச்சிகள் மேல் ரோஸ் ஒட்டியிருந்தது.

சந்தேகத்துக்கு ஒரு சொட்டுக் கந்தக அமிலமும் விட்டேன். நூலில் எது எவ்வளவு கலந்திருக்கிறது என்று பார்க்க நாங்கள் தினமும் செய்கிற டெஸ்ட்தான் அது. பஞ்சு கரைந்துவிடும், பாலியஸ்டர் கரையாது. ரிப்பன்கள் கரைந்து போயின. குச்சிகள் அப்படியே கிடந்தன.

"அக்கா, இது ரத்தமில்ல, டின்ட். நாளைக்கு லாட் மாறுது, பச்சை ஓடப் போகுது. நாளன்னைக்குப் பாருங்க, சளியும் பச்சையாத்தான் வரும்."

மேஸ்திரியிடம் நானே பேசி அவரை வேலையில் இருக்க வைத்தேன், சொன்னபடியே நடந்தது. மூன்றாம் நாள் காலையில் பேச்சியக்கா லேப் வாசலில் நின்று, "பச்ச! பிள்ள, பச்ச!" என்று கத்தினார். செக்‌ஷனே சிரித்தது. இத்தனை நாளும் பச்சையாகத் துப்பிவிட்டு, சளி பிடித்திருக்கிறது என்று மிளகு ரசம் குடித்திருக்கிறார்கள். மாஸ்டரும் சிரித்துவிட்டு, "வெறும் பாலியஸ்டர்தானா? போய் வேலையப் பாக்கச் சொல்லுங்க" என்றார்.

பேச்சியக்கா பஜாரில் மண்டவெல்லம் வாங்கி வந்து ஆளுக்கொரு துண்டு கொடுத்தார். தனி டம்ளரைத் தானே தூக்கிக் குப்பையில் போட்டார். பங்குனியில் அந்தக் கல்யாணத்துக்குப் போனேன். தாலி கட்டும்போது அவர் இட்ட குலவை இன்றும் என் காதில் இருக்கிறது. நான் பார்த்த வேலையில் நெஞ்சு நிமிர்ந்த நாள் அதுதான்.

5. பத்து வருடம் கழித்து

98-இல் அதே மகளின் பெண்ணுக்குக் காது குத்து வைத்தார்கள். பேச்சியக்கா குலவையைத் தொடங்கினார். பாதியில் அறுந்தது. எல்லோரும் வயசாகிவிட்டது என்று சிரித்தார்கள். ஐம்பதுகூட ஆகவில்லை. மறு வருடம் மாடிப்படி ஏற முடியவில்லை என்று வேலையை விட்டார்.

நான் ரிட்டயர் ஆன பிறகு ஒரு நாள் பேப்பரில், மனித நுரையீரலுக்குள் பிளாஸ்டிக் துகள்களையும் இழைகளையும் கண்டிருக்கிறார்கள் என்று படித்தேன். அழற்சி வரலாம், தழும்பு விழலாம் என்கிறார்கள். இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். துணி இழையும் அந்தக் கணக்கில் சேரும் என்று போட்டிருந்தது. பேப்பரை மடித்து வைத்துவிட்டேன்.

பேச்சியக்காவின் மூச்சுக்கு அதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். வருடக்கணக்கில் பஞ்சுத் தூசி தின்றவர், விறகடுப்பு ஊதியவர். எது என்ன செய்தது என்று பிரித்துச் சொல்ல எந்த டெஸ்டும் என்னிடம் இல்லை. ஆனால் அமிலத்திலும் கரையாத குச்சியை அவர் நெஞ்சிலிருந்து வந்த சளியில் என் கண்ணாலேயே பார்த்தேன். ரத்தமா என்று கேட்டார்கள், இல்லை என்றேன். பாலியஸ்டர் உள்ளே போகிறதே, துணியைக் கட்டுங்கள் என்று சொல்ல எனக்குத் தோன்றவே இல்லை. நல்ல சேதி சொன்ன சந்தோஷத்தில் ஸ்லைடைக் கழுவி வைத்துவிட்டேன்.

லேப்பில் உட்காரும் பிள்ளைகளுக்கு என் அனுபவத்தில் ஒன்றுதான் சொல்ல முடியும். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் எழுதி ரிப்போர்ட்டை மூடிவிடாதீர்கள். கண்ணாடியில் வேறு என்ன தெரிந்தது என்பதையும் எழுதுங்கள்.

போன தையில் மம்சாபுரம் போயிருந்தேன். பேச்சியக்கா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கு நடுவே நடுவே நின்று மூச்சு வாங்கினார். இதையெல்லாம் சொல்லி மன்னிப்புக் கேட்கத்தான் போனேன். அதற்குள் பேத்தியைக் கூப்பிட்டு என்னைக் காட்டினார்.

"இந்தப் பிள்ளதான் அன்னைக்கு... ரத்தமில்லன்னு கண்டுபிடிச்சுச்சு. இவளாலதான்... பொறவும் பதினோரு வருசம்... அதே எடத்துல வேலை பாத்தேன்."

பேத்தி ஒரு தட்டில் வெல்லம் கொண்டுவந்து வைத்தாள்.