திருடி வைத்தால்தான் வளருமாம்

எங்கள் தெருவில் படித்தவர்களுக்குப் பஞ்சமில்லை. வங்கி மேலாளர், ரயில்வே அதிகாரி, இரண்டு பேராசிரியர்கள், தொலைபேசித் துறையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்ற நான். ராஜகீழ்ப்பாக்கத்தில் இத்தனை பட்டங்கள் வேறு எந்தத் தெருவில் உண்டு என்று சத்யநாராயணன் சார் நலச்சங்கக் கூட்டத்தில் தவறாமல் கேட்பார். அந்தப் பட்டங்கள் எல்லாம் சேர்ந்து மிருதுளாவுக்குச் செய்ததை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

மிருதுளா எதிர் வீடு. பதினேழு வருஷம் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியை. ஒரு மே மாதம், ஆளுக்குப் பத்துப் பிள்ளைகளையாவது புதிதாகச் சேர்க்க வேண்டும் என்று ஆசிரியைகளை நோட்டீசும் கையுமாகத் தெருவுக்கு அனுப்பினார்கள். இரும்புலியூரில் கொளுத்தும் வெயிலில் நின்று இவள் நீட்டிய நோட்டீசை ஒருவர் வாங்கி, இவள் கண்ணெதிரே கசக்கிப் போட்டுவிட்டுப் போனார். மறுநாள் காலையில் ராஜினாமா. "எதையாவது விக்கத்தான் வேணும்னா, நானே வளர்த்ததை விக்கறேன்கா" என்றாள்.

வீட்டை ஒட்டிக் கிடந்த அரை கிரவுண்டு மனையில் பச்சை வலை கட்டிச் செடி வளர்த்தாள். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் தரையில் சாக்கு விரித்துச் செடி விற்றாள். பழைய மாணவனின் அம்மா ஒருத்தி, "ஐயோ மிஸ், நீங்களா!" என்று துக்கம் விசாரிப்பதுபோல் விசாரித்துவிட்டு, துளசிச் செடிக்குப் பேரமும் பேசினாளாம். எங்கள் தெரு மட்டும் லேசுப்பட்டதா? நேற்றுவரை மேடம் என்று கூப்பிட்டவர்களுக்கு அவள் செடிக்காரம்மா ஆகிவிட்டாள். "சும்மா ஒரு நிமிஷம் எங்க ரோஜாவைப் பார்த்துட்டுப் போங்க" என்று ஆளாளுக்குக் கூப்பிட்டு ஒரு மணி நேரம் மண் கிளற வைத்தார்கள். ஒரு வாய் தண்ணீர் வேணுமா என்று ஒருவரும் கேட்டதில்லை.

இரண்டு வருஷம் இப்படி அல்லாடிய பிறகுதான் அந்த ஆர்டர் வந்தது. வேளச்சேரி சாலையில் புதிதாக எழும்பிய அடுக்குமாடி ஒன்றின் திறப்பு விழாவுக்கு, வராந்தா நெடுகத் தொங்கவிட நாற்பது தொட்டி மணி பிளான்ட். எல்லாம் ஒரே ரகமாக, இலையில் வெள்ளைக் கோடு போட்டதாக இருக்க வேண்டும். சரியாகக் கொடுத்தால் அங்குள்ள தோட்டம் முழுவதையும் வருஷம் முழுக்கப் பராமரிக்கும் வேலை அவளுக்கு. "இது சொதப்பினா திரும்பவும் நோட்டீஸ்தான்கா" என்றாள்.

அந்த ரகத்தில் அவளிடம் நாலு தாய்க்கொடிகள் இருந்தன. வேலியோரம், தேங்காய்நார் சுற்றிய கம்புகளில் ஆளுயரத்துக்கு ஏறியிருந்தன. துண்டு துண்டாக வெட்டித் தண்ணீரில் வைத்தால் ஒரு வாரத்தில் வேர் விட்டு நாற்பது தேறும். வெட்டப்போகும் நேரம் பார்த்து அவள் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன். தோட்டத்துச் சாவியை என்னிடம் கொடுத்து, தண்ணீர் ஊற்றச் சொல்லிவிட்டு மூன்று வாரம் திருச்சிக்குப் போனாள்.

இங்கேதான் எங்கள் தெருவின் படிப்பு வேலை செய்தது. மணி பிளான்டைக் காசு கொடுத்து வாங்கினால் ராசி இல்லையாம். கேட்டு வாங்கினாலும் வராதாம். திருடி வைத்தால்தான் வளருமாம், பணமும் கொட்டுமாம். காலை நடைக்குப் போகிறவர்கள் ஆளுக்கு ஒன்றிரண்டு துண்டாக வெட்டிக்கொண்டார்கள். வேலிக்கு வெளியே நின்று கையை நீட்டினால் போதுமே!

அவள் திரும்பிய அன்று, காலித் தொட்டிகளை ஏற்றி வந்த, அவளுக்கு வழக்கமாக லோடு ஆட்டோ ஓட்டும் உதயாதான் முதலில் வாய் திறந்தான். "இன்னா மிஸ், கொடியெல்லாம் மொட்டையா கீது? ஆடு மேஞ்சிடுச்சா?"

"ஆடு கத்தரிக்கோல் எடுத்துக்கிட்டு வராது உதயா."

விழாவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. மொட்டைக் கொடி மறுபடி தழைக்க மாசக்கணக்கில் ஆகும். மிருதுளா அழவில்லை. நீலப் பிளாஸ்டிக் பக்கெட்டில் பாதித் தண்ணீர் பிடித்தாள். "எடுத்துட்டுப் போனவங்க வீட்ல இந்நேரம் வேர் விட்டிருக்கும். போய் வாங்கிட்டு வரேன். நீங்களும் வாங்கக்கா" என்றாள்.

போனேன். பக்கெட்டை நான்தான் தூக்கினேன். என் சமையலறை ஜன்னலில், ஹார்லிக்ஸ் பாட்டிலில் ஒரு துண்டு இருந்ததை மட்டும் நான் சொல்லவில்லை.

வீடு வீடாக ஏறினோம். ஜாம் பாட்டிலில், பூஜை அலமாரி ஓரத்தில், டிவி பக்கத்தில் என்று எல்லா இடத்திலும் அவளுடைய கொடி. அவளைவிட நான்தான் அதிகம் கத்தினேன். "வெட்கமா இல்ல?" என்று ஒரு பேராசிரியரையே கேட்டேன். சத்யநாராயணன் சார் மட்டும் சிரித்தார்.

"ஒரு துண்டுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம், மேடம்? இதெல்லாம் ஒரு நம்பிக்கை."

"எனக்கும் ஒரு நம்பிக்கை இருக்கு சார்" என்றேன். "உங்க ஸ்கூட்டரை உங்களுக்குத் தெரியாம எடுத்துட்டுப் போய் ஓட்டினா நல்லா மைலேஜ் தருமாம். சாவி எங்க வைப்பீங்க?"

அவர் உள்ளே போய் பாட்டிலோடு வந்தார். எனக்கு மனசு குளிர்ந்தது.

இருபது வீடு முடிந்தது. பக்கெட்டில் முப்பத்தெட்டுத் துண்டுகள் சேர்ந்திருந்தன. என் வீட்டு வாசலில் மிருதுளா நின்றாள்.

"அக்கா, உங்க வீடு பாக்கி."

பக்கெட்டைக் கீழே வைத்தேன். "எப்பத் தெரியும்?"

"வந்ததுமே. எங்க மொட்டை மாடியிலேர்ந்து உங்க ஜன்னல் தெரியும்."

"அப்புறம் எதுக்கு என்னையும் கூட்டிக்கிட்டு அலைஞ்சே?"

"நாலு வீடு ஏறினா நீங்களே சொல்லுவீங்கன்னு பார்த்தேன்கா. இருபது ஆச்சு."

பாட்டிலை எடுத்து வந்தேன். தெருவிலேயே முதலில் கிள்ளியது நான்தான். தண்ணீர் ஊற்றப் போன முதல் நாளே கிள்ளினேன். நான் கிள்ளுவதைப் பார்த்துத்தான் மற்றவர்களுக்குத் துணிச்சல் வந்ததோ என்னவோ. கொடி நாளுக்கு நாள் குறைந்ததைப் பார்த்தும் நான் வாயைத் திறக்காதது அதனால்தான். இரண்டு கிளையாக, இரண்டிலும் வேர் விட்டு, எல்லாவற்றையும்விடச் செழிப்பாக வளர்ந்திருந்தது. அவள் கொடியை இரண்டாக்கிப் பக்கெட்டில் போட்டுவிட்டு, பாட்டிலைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

"சாவியே உங்ககிட்டதானே கொடுத்துட்டுப் போனேன்? கேட்டிருந்தா தொட்டியோட தந்திருப்பேனேக்கா."

நாற்பது தொட்டியும் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்தத் தோட்டம் இப்போது அவள் பொறுப்பில்தான் இருக்கிறது. என்னைப் பார்த்தால் சிரிக்கிறாள், பேசுகிறாள். ஊருக்குப் போகும்போது மட்டும் சாவியை உதயாவிடம் கொடுத்துவிட்டுப் போகிறாள்.