கூரைமேல் ஈரச்சாக்கு

நேற்று புஞ்சாக் ஆலாம் நகரில் ஒரு செடிக்கடைக்காரர் புதுக் கன்றுகளுக்கு ஈரச்சாக்கு போர்த்திக்கொண்டிருந்தார். அந்த நனைந்த சணல் வாடை என்னைக் கோல சிலாங்கூர்த் தோட்டத்தில் நாங்கள் இருந்த தொழிலாளர் லயத்து வரிசை வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டது.

அந்த வருடம் மழை ஏமாற்றிவிட்டது. மதியத்தில் எங்கள் தகரக் கூரை சூட்டில் விரிந்து டக் டக்கென்று சத்தம் போடும். கைக்குழந்தையாக இருந்த தங்கைக்கு உடம்பெல்லாம் வேர்க்குரு. அழுது அழுது பால் குடிப்பதையே நிறுத்திவிட்டாள். அப்பா கூரைமேல் அரிசிச் சாக்குகளை விரித்து, வீட்டில் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஊற்றினார்.

பொதுக்குழாயில் காலையில் மட்டுமே தண்ணீர் வரும். பக்கத்து வீட்டு அஞ்சலைப் பெரியம்மா சண்டைக்கே வந்துவிட்டார்.

"குடிக்கவே தண்ணி இல்ல, நீங்க கூரைக்கு ஊத்துறீங்களா?"

"உள்ள வந்து பாருங்கக்கா" என்றார் அம்மா.

பெரியம்மா வந்து நின்றார். ஈரம் ஆவியாகும்போது தகரத்தின் சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும் என்பதை நான் பிற்பாடு பள்ளியில் படித்தேன். அன்று எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் தங்கை தூங்குகிறாள் என்பதுதான்.

பெரியம்மா வெளியே போனார். சற்று நேரத்தில், நிறைமாதமாக இருந்த தன் மகளைக் கைத்தாங்கலாக அழைத்து வந்து தங்கையின் பக்கத்தில் படுக்க வைத்தார். பிறகு தன் வீட்டு வாளியைத் தூக்கி வந்து அப்பாவிடம் நீட்டினார்.

"இதையும் ஊத்துங்க தம்பி. நாங்க நாளைக்குக் குளிச்சுக்கிறோம்லா."