சப்-ஜட்ஜின் மனைவிக்குப் பெயர் இல்லையா?

"பட்டம் நெசமாவே வாங்கினியா, இல்ல போட்டோவுக்காக கவுன மாட்டிக்கிட்டியா?"

மராத்தி ஊரான ஆகுர்டியில் எங்கள் வீட்டுச் சுவரிலிருக்கும் என் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்து, அப்பாவோடு ஃபேக்டரியில் வேலை பார்க்கும் முருகேசன் மாமா ஒருமுறை கேட்டது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். கோபம் வராதா? அன்றைக்கு அவருக்கு நான் டீ கொடுக்கவில்லை.

போன வாரம் கிட்டத்தட்ட அதே கேள்வியை நான் ஒரு பெண்ணிடம் கேட்டேன். பாவம், அவரால் பதில் சொல்ல முடியாது... பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகைப்படத்தில் உட்கார்ந்திருக்கிறார்.

கேம்ப் என்ற பகுதியில், பழைய புகைப்படங்களைப் பாதுகாக்கும் சின்ன அலுவலகம் ஒன்றில் எனக்கு வேலை. கண்காட்சிக்காக கேப்ஷன் எழுதிக்கொண்டிருந்தேன். ஒன்பது கஜப் புடவை, நாற்காலி, மடியில் தடித்த புத்தகம். படத்தின் பின்பக்கம், 'சப்-ஜட்ஜின் மனைவி' — அவ்வளவுதான்.

"படித்த பெண்மணின்னு எழுதிடு" என்றார் மேலதிகாரி சுலபா தாயி. தாயி என்றால் மராத்தியில் அக்கா.

எனக்குச் சந்தேகம். அதே ஸ்டுடியோவின் வேறு இரண்டு படங்களை எடுத்துப் பக்கத்தில் வைத்தேன். வேறு வேறு பெண்கள். புத்தகம் மட்டும் அதே புத்தகம், அதே கிழிந்த மூலை!

"புத்தகம் ஸ்டுடியோவோடது, தாயி. நாகரிகமான மனைவின்னு ஊருக்குக் காட்ட, புருஷன் புடிக்க வெச்சிருக்கார்."

"அப்போ, படிக்கத் தெரியாதவள்னு எழுதப் போறியா?"

எழுதத்தான் போனேன். கை நின்றது. பட்டமளிப்புப் படத்தில் நான் பெருமையாகப் பிடித்திருக்கும் சுருள், போட்டோக்காரர் கொடுத்த வெறும் தாள். சர்டிபிகேட் பல மாதம் கழித்துத்தான் வந்தது. அதற்காக நான் படித்தது பொய்யா?

சரி, புத்தகத்தை விடுவோம். சந்தேகப்பட வேண்டியது அந்தப் பின்பக்கத்தைத்தான். கணவரின் பதவிக்கு இடமிருந்தது. மனைவியின் பெயருக்கு இல்லையா?

படத்தைக் கொடுத்தது வானவடியில் ஒரு குடும்பம். போன் செய்தேன்.

"சப்-ஜட்ஜோட மிஸஸ். அது போதாதா?" போனை எடுத்தவர் சிரித்தார்.

"பேர் வேணும், சார்."

"எந்தப் பேர்? பொறந்த வீட்டுப் பேரா, கல்யாணத்துல மாத்தின பேரா?"

இங்கே பல மராத்தி வீடுகளில் கல்யாணத்தன்று பெண்ணுக்குப் புதுப் பெயர் வைத்துவிடுவார்கள். அதுவரை இருந்த பெயர் எங்கே போகும்?

"ரெண்டும்" என்றேன்.

"பார்க்கலாம், பார்க்கலாம்." போனை வைத்துவிட்டார். தேடுவாரா? எனக்கு நம்பிக்கையில்லை.

அதனால் கேப்ஷனின் முதல் இரண்டு வரிகளில் இரண்டு பெயர்களுக்கும் கோடு போட்டுக் காலியிடம் விட்டு, அப்படியே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். சப்-ஜட்ஜ் மூன்றாவது வரியில் இருக்கிறார்.